உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள்: எது, யாருக்கு, எத்தனை காலத்துக்கு?



உடல் எடையைக் குறைக்கும் ஊசி என்றால் சென்னையில் பெரிய மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களின் விஷயம் என்றிருந்தது. இப்போது திருவண்ணாமலையிலும் மருந்துக் கடையில் சொல்லிவைத்தால் வந்துவிடுகிறது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் ஆலிம்களிடம் கேட்கப்படும் கேள்விகளிலும் அது இடம்பிடித்துவிட்டது. "ஹஜ்ரத், அந்த ஊசியில் பன்றி கலந்திருக்கிறதாமே?", "நோன்பு வைத்துக்கொண்டு போடலாமா?", "மவுஞ்சாரோ நல்லதா, வெகோவி நல்லதா?", "மகளுக்கு ஷவ்வாலில் நிகாஹ், அதுவரை மட்டும் போட்டால் போதுமா?"

முதல் இரண்டு கேள்விகளுக்கு மார்க்க அடிப்படையில் தெளிவாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆனாலும் ஆய்வுகளில் வெளிவந்த விவரங்களை முன்பே தெரிந்துகொண்டு போனால் அவரிடம் சரியாகக் கேட்க முடியும். நான்காவது கேள்விதான் நம் குடும்பங்கள் நின்று யோசிக்க வேண்டியது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த ஊசி என்ன செய்கிறது?

நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்க அது தூண்டுகிறது. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. 'போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்பட்டு, ஆனால் பல மணி நேரமோ பல நாட்களோ உடலில் தங்கும்படி செய்யப்பட்டவையே இந்த மருந்துகள். வயிறு, தொடை, மேல்கை ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் போடப்படுகின்றன. பேனா வடிவில் வருவதால் பழகியவர்கள் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

இது இன்சுலின் அல்ல. கொழுப்பை நேரடியாகக் கரைக்கும் மருந்தும் அல்ல. பசி குறைகிறது, உணவு குறைகிறது, அதனால் எடை குறைகிறது. இதை நினைவில் வைத்தால் பின்னால் சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

மூன்று மருந்துகள்

லிராக்ளூடைடு: மூன்றில் மூத்தது. தினமும் ஓர் ஊசி. இந்தியாவில் விக்டோசா என்ற பெயரில் அறிமுகமானது. க்ளென்மார்க் நிறுவனம் 2024 ஜனவரியில் லிராஃபிட் என்ற பெயரில் விலை குறைந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. இவை இரண்டும் சர்க்கரை நோய்க்கானவை, இவற்றின் உச்ச அளவு 1.8 மி.கி. எடைக் குறைப்புக்கான ஆய்வில் கொடுத்தது 3 மி.கி. 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 56 வாரங்களில் சராசரியாக 8 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போடப்பட்டவர்களுக்கு 2.6 சதவீதம்.

செமக்ளூடைடு: வாரம் ஒரு முறை. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் மருந்து. எடைக் குறைப்புக்கு வெகோவி (2025 ஜூன் முதல் இந்தியாவில்), சர்க்கரை நோய்க்கு ஓசெம்பிக் (2025 டிசம்பர் முதல்). வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒரு படியாக 2.4 மி.கி. வரை உயர்த்துவார்கள். 2021-இல் வெளியான ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசியில் 2.4 சதவீதம்.

டிர்செபடைடு: இதுவும் வாரம் ஒரு முறை. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவில் வெளியிட்டது. இது ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்கிறது. 2.5 மி.கி.யில் தொடங்கி 15 மி.கி. வரை போகும். 2022-இல் வெளியான ஆய்வில் 72 வாரங்களில், 5 மி.கி. போட்டவர்களுக்கு 15 சதவீதமும் 15 மி.கி. போட்டவர்களுக்கு 20.9 சதவீதமும் எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசியில் 3.1 சதவீதம்.

ஒரே மருந்து பல பெயர்களில் வருவதையும் கவனியுங்கள். வெகோவியில் உள்ள அதே செமக்ளூடைடு எம்க்யூர் வழியாகப் போவிஸ்ட்ரா என்றும், மவுஞ்சாரோவில் உள்ள அதே டிர்செபடைடு சிப்லா வழியாக யுர்பீக் என்றும் விற்கப்படுகிறது. பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது ஆபத்து. பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல் கீழே உள்ள மருந்தின் பெயரையும் படியுங்கள்.

நேருக்கு நேர் ஒப்பிட்டால்

தனித்தனி ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முழுச் சரியாகாது. செமக்ளூடைடையும் டிர்செபடைடையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்த முடிவு 2025-இல் வெளியானது. 751 பேர், 72 வாரங்கள். டிர்செபடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 20.2 சதவீதமும் செமக்ளூடைடு போட்டவர்களுக்கு 13.7 சதவீதமும் குறைந்தது. 90 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 18 கிலோ, 12 கிலோ என்று ஆகும்.

எடை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் டிர்செபடைடு முந்துகிறது. ஆனால் இன்னும் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மேலே உள்ள பெரிய எண்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் கிடைத்தவை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் குறைவாகவே இறங்குகிறது. அவர்களிடம் தனியாக நடந்த ஆய்வுகளில் செமக்ளூடைடில் 9.6 சதவீதமும், டிர்செபடைடின் உச்ச அளவில் 14.7 சதவீதமும்தான் குறைந்தது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. நம் வீடுகளில் பலருக்கு இந்தச் சிறிய எண்தான் பொருந்தும்.

இரண்டு, இதய நோய் உள்ளவர்களுக்கான சான்று. இதய நோயும் அதிக எடையும் உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், செமக்ளூடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது. 2023-இல் வந்த இந்த முடிவு சில நோயாளிகளுக்கு எடையைவிட முக்கியமானது.

மூன்று, இந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஊசியைப் போட்டுவிட்டு வலிமா விருந்தில் இரண்டாம் தட்டு பிரியாணி கேட்பவருக்கு இந்த எண்கள் பொருந்தாது.

யாருக்கு இது தேவை?

எடைக் குறைப்புக்காக இந்தியாவில் அனுமதி தரப்பட்டிருப்பது பிஎம்ஐ 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொடர்புடைய நோய் இருந்தால் 27-க்கு மேல். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 30 என்பது சுமார் 77 கிலோ, 27 என்பது சுமார் 69 கிலோ.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இவர்கள் எல்லோருக்கும் ஊசி தேவை என்று பொருளில்லை. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை, சில சர்க்கரை மருந்துகள் இவையும் எடையைக் கூட்டும். முதலில் அதைப் பார்க்க வேண்டும். அதற்கான அடிப்படைப் பரிசோதனைகளை நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம்.

ஊரில் ஐந்தாறு கிலோ கூடுதலாக இருப்பவர்கள் பலர். அவர்களுக்கு மலையைச் சுற்றியுள்ள 14 கி.மீ. பாதையில் தினமும் ஒரு பகுதி நடப்பதும், இரவுச் சோற்றைக் குறைப்பதும், இனிப்பு டீயை விடுவதும்தான் மருந்து. வயிற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளச் சொன்ன நபிகளாரின் அறிவுரையைப் பயானில் கேட்காதவர் நம்மில் இல்லை. அதே நேரம், உண்மையிலேயே உடல் பருமன் நோய் உள்ளவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று கேலி செய்வதும் தவறு. பலருக்கு அது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து தந்த நோய். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது மார்க்கம் அனுமதித்தது, ஊக்குவித்தது.

பக்க விளைவுகள், யார் தவிர்க்க வேண்டும்?

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை மூன்று மருந்துகளிலும் பொதுவானவை. அளவை உயர்த்தும் வாரங்களில் அதிகமாக இருக்கும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் குறைவானவர்களுக்கே வரும், ஆனால் கடுமையானவை. முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அவற்றின் அளவைக் குறைக்காமல் இந்த ஊசியைச் சேர்த்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இந்த ஊசி கூடாது. பாலூட்டும் தாய்மார்களும் கணைய அழற்சி வந்தவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

குறையும் எடை முழுவதும் கொழுப்பல்ல, ஒரு பகுதி தசை. வயதானவர்களுக்கு இது பலவீனமாகவும் கீழே விழுவதாகவும் முடியலாம். முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றைக் குறைக்காமல் உண்பதும், தசைக்கு வேலை தரும் பயிற்சியும் அவசியம்.

நிகாஹ்வுக்கு முன் போடலாமா?

இப்போது நான்காவது கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் 'பெண் கொஞ்சம் குண்டு' என்றார்கள் என்பதற்காக, நிகாஹ் நாள்வரை நான்கு மாதம் ஊசி போட்டு இளைக்க வைக்கலாம் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள்.

முதல் ஆபத்து கருவுக்கு. செமக்ளூடைடை, கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்று அதன் மருந்துக் குறிப்பே சொல்கிறது. நிகாஹ் வாரம்வரை ஊசி போட்ட பெண், அடுத்த மாதமே கருவுற்றால் மருந்து உடலில் இருக்கும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடியது. தொடங்கிய பிறகும், அளவை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரங்களுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள். எடை குறைந்தால் சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டாவது, ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. செமக்ளூடைடு ஆய்வில் பங்கேற்றவர்களை ஊசி நிறுத்திய பிறகும் ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்செபடைடிலும் இதே நிலைதான். 36 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த 52 வாரங்களில் எடை 14 சதவீதம் ஏறியது. பசியை அடக்கிய மருந்து போனால் பசி திரும்பும், அவ்வளவுதான். நிகாஹ் புகைப்படத்தில் இளைத்துத் தெரிந்த பெண் அடுத்த வருடம் பழைய எடைக்கு வந்தால், அந்த வீட்டில் அவள் கேட்கப்போகும் பேச்சு எப்படி இருக்கும்? எடையைப் பார்த்து நிபந்தனை போடும் சம்பந்தத்தை மறுபரிசீலனை செய்வது ஊசியைவிடப் பாதுகாப்பானது. பெண்ணின் சம்மதம் இல்லாமல், அவளுக்கு விவரம் சொல்லாமல் ஊசி போட வைப்பது அநீதி. அவளுக்கு உண்மையிலேயே நோய் இருந்தால் சிகிச்சை வேண்டும். அது நிகாஹ் தேதியை வைத்து நடப்பதல்ல.

செலவை ஆண்டுக் கணக்கில் பாருங்கள்

மவுஞ்சாரோ அறிமுகமானபோது வாரத்துக்கான 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். அதாவது 5 மி.கி.யில் மாதம் 17,500. வெகோவி தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாயில் வந்து, 2025 நவம்பரில் 10,850 ஆகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைந்த விலையிலும் ஆண்டுக்கு 1,30,200 ரூபாய், அதுவும் தொடக்க அளவுக்கு மட்டும். 2026 மார்ச்சில் செமக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததால் இந்திய நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி பிறந்துள்ளது. ஆகவே இன்றைய விலையைக் கடையில் கேட்டு, பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் இந்த மருந்துகளை உடல் பருமனுக்கு நீண்ட காலச் சிகிச்சையாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தபோதும், அதை நிபந்தனையுடனே சொன்னது. விலையும் நீண்ட காலத் தரவு போதாமையும் அதற்கான காரணங்களில் சேரும். ஆறு மாதம் போட நகையை அடகு வைத்து, ஏழாவது மாதம் நிறுத்துகிறவருக்கு எடையும் திரும்பும், கடனும் நிற்கும். வட்டிக்கு வாங்கினால் பாவமும் சேரும். மூன்று ஆண்டுக்குத் தாங்காத மருந்து, எவ்வளவு நல்லதானாலும் உங்கள் வீட்டுக்கு நல்லதல்ல.

இதில் ஹராம் ஏதும் உள்ளதா?

முற்காலத்தில் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நினைவில்தான் இந்தக் கேள்வி வருகிறது. லிராக்ளூடைடும் செமக்ளூடைடும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைக் கொண்டு மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்டவை. டிர்செபடைடு வேதியியல் முறையில் தொகுக்கப்படுவது. மூன்றின் மூலமருந்திலும் பன்றி இல்லை. வேறு நிறுவனங்களின் புதிய வடிவங்களில் சேர்மானம் மாறலாம் என்பதால் பெட்டிக்குள் உள்ள குறிப்பை மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பல்லி விஷத்தில் செய்த ஊசி' என்ற பேச்சும் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு பெரிய பல்லியின் நச்சு உமிழ்நீரில் கண்ட பொருளை வைத்து எக்செனடைடு என்ற பழைய சர்க்கரை ஊசி உருவானது உண்மை. ஆனால் அதுவும் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டதே. மேலே சொன்ன மூன்றும் அந்த மருந்தல்ல.

நோன்பும் ஊசியும்

1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தோல், தசை, நரம்பு வழியாகப் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. உணவாகச் செலுத்தும் திரவங்களுக்கு அதில் விலக்கு இல்லை. இயற்கையான வாயில்கள் வழியாக உள்ளே செல்வதே நோன்பை முறிக்கும் என்ற அடிப்படையில் நம் பகுதி ஹனஃபி, ஷாஃபி உலமாக்களும் இவ்வாறே கூறுகிறார்கள். 'பசியே தெரியாதே, அது உணவுக்குச் சமம் இல்லையா?' என்று சிலர் கேட்கிறார்கள். பசியைக் குறைப்பது உணவூட்டுவது ஆகாது. ஆனாலும் வாரம் ஒரு முறைதான் என்பதால் இஃப்தாருக்குப் பின் இரவில் போட்டுக்கொள்வது மனதுக்கும் உடலுக்கும் நல்லது. செமக்ளூடைடு மாத்திரையாகவும் வருகிறது. அதை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும்.

மருத்துவரீதியாக ஒரு எச்சரிக்கை. ரமலானில் புதிதாகத் தொடங்கவோ அளவை உயர்த்தவோ வேண்டாம். குமட்டலில் சஹர் சாப்பிட முடியாமல், பகலில் வாந்தியும் வந்தால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தானாக வரும் வாந்தி நோன்பை முறிக்காது, வேண்டுமென்றே எடுத்தால் முறியும். ஆனால் மயக்கம் வரும் அளவுக்குப் போனால், அல்லது சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால், நோன்பைத் திறந்துவிட்டுப் பின்னர் களா செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதிலும் வைப்பதிலும் கவனம்

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. உடல் பருமனைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பிலும் அழகு நிலையத்திலும் வரும் 'ஸ்லிம் ஊசி' எதையும் நம்ப வேண்டாம். போலி ஓசெம்பிக் பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் பிடிபட்டதை உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது.

சவூதியிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் பெட்டியில் போட்டு அனுப்பும் பேனாவிலும் கவனம் தேவை. திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். வெளியே வைப்பதானால் 30 டிகிரிக்கு மிகாமல், குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே. சித்திரை வெயிலில் நம் ஊர் அறையும் 30 டிகிரியைத் தாண்டும், ஹஜ் காலத்து மக்காவும் தாண்டும். ஃப்ரீசரில் உறைந்துபோன மருந்தும் பயன்படாது. உம்ராவுக்குக் கொண்டுபோவதானால் குளிர்ப்பையும் மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் எடைக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டதா?
2. எனக்குள்ள நோய்களுக்கு இந்த மூன்றில் எது பொருந்தும், ஏன்?
3. இப்போது எடுக்கும் மாத்திரைகளில் எதைக் குறைக்க வேண்டும்?
4. உச்ச அளவுக்குப் போனால் மாதம் எவ்வளவு ஆகும், எத்தனை ஆண்டு போட வேண்டியிருக்கும்?
5. நிறுத்த நேர்ந்தால் எடை திரும்பாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
6. ரமலான், கர்ப்பம், அறுவை சிகிச்சை வந்தால் என்ன செய்வது?

இந்த ஆறுக்கும் பதில் கிடைத்த பிறகு, 'எத்தனை கிலோ குறையும்' என்று கேளுங்கள். எந்த ஊசி அதிகம் குறைக்கும் என்பதைவிட, எதை நம் உடலும் வருமானமும் பல ஆண்டு தாங்கும் என்பதே முக்கியம். நிறுத்தும் நாளையும் யோசித்துவிட்டே தொடங்குங்கள்.

உடல் நலம் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் அறிவையும் பொறுமையையும் அவன் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.